காருக்குள்ள அந்த ஈர வாடை: தெர்மோ புக்கைக் கொஞ்சம் எடுத்து வச்சுக்கோங்க

முதல்ல ஒரு கேள்வி. மழைக்காலத்துல கால் டாக்ஸி புக் பண்ணி, கதவைத் திறந்து உள்ள உக்காந்த உடனே, காயாத ஜீன்ஸை ரெண்டு நாள் பைக்குள்ள அமுக்கி வச்சு எடுத்த மாதிரி ஒரு வாடை அடிச்சிருக்கா? நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியிருப்பீங்க. டிரைவர்கிட்ட எதுவும் சொல்லியிருக்க மாட்டீங்க. இறங்கினதும் மூணு ஸ்டார். நானும் அப்படிக் குடுத்திருக்கேன். அப்புறம் அந்த மூணு ஸ்டார் எங்க வீட்டுக்கே வர ஆரம்பிச்சது.

எங்க அப்பா கால் டாக்ஸி ஓட்டுறார். பழைய டீசல் வண்டி, சொந்த வண்டி, ஆனா இன்னும் டியூ முடியல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தெருவுல முட்டிக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் தண்ணி நின்னுச்சு. நாங்க இருக்கறது தாம்பரத்துக்கு மேற்கே, ஏரிக்குப் பக்கத்துல, அதனால அது எங்களுக்குப் புதுசு இல்ல. வண்டி ஒரு ராத்திரி முழுக்க அதுலயே நின்னுச்சு. இன்ஜினுக்குள்ள தண்ணி போகல. அப்பாவும் விவரமா சாவியைத் தொடவே இல்ல. (நீங்களும் தொடாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்து ஸ்டார்ட் பண்ணா, தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். அது தனிக் கட்டுரை.) மெக்கானிக் பார்த்து ஓகே சொன்னார். உள்ள கால் வைக்கிற இடம் மட்டும் நனைஞ்சிருந்துச்சு. மேட்டை எடுத்துக் காயப்போட்டு, ஒரு நாள் கதவைத் திறந்து வச்சு, கையால தொட்டுப் பார்த்து, காஞ்சிருச்சுன்னு சொல்லிட்டு அப்பா வேலைக்குக் கிளம்பிட்டார்.

பொங்கல் வர்றதுக்குள்ள வாடை குடியேறிடுச்சு.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா, அது அப்பாவுக்குத் தெரியவே இல்ல. நம்ம மூக்கு ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தா சில நிமிஷத்துலயே அதைக் கண்டுக்காம விட்டுடும். பெர்ஃப்யூம் போட்டுட்டு வீட்டை விட்டு வெளிய வந்ததும் நமக்கே அது தெரியாம போறது இதனாலதான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அந்த வண்டிக்குள்ள இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாள் காலேஜ்ல இருந்து வர்றப்ப ஏறி உக்காந்துட்டு, "அப்பா, வண்டியில ஒரு வாடை வருதுப்பா"ன்னேன். "எனக்கு ஒண்ணும் வரலையேம்மா"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, சிக்னல்ல நிக்கும்போது, மெதுவா, "ரொம்ப வருதா?"ன்னு கேட்டார். நான் இல்லன்னு சொல்லிட்டேன். அது பொய்.

அடுத்த வாரம் ஒரு மல்லிகை ஜெல் டப்பா வந்துச்சு. அப்புறம் கண்ணாடியில தொங்குற வனிலா அட்டை. டேஷ்போர்டுல ஒரு கற்பூர வில்லை. இப்ப உள்ள உக்காந்தா, பூஞ்சை பிடிச்ச கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். ஒரு நாள் கைக்குழந்தையோட ஒரு அம்மா ஏறி, தெருமுனை தாண்டுறதுக்குள்ள, "அண்ணா, குழந்தைக்கு வீசிங் இருக்கு, தப்பா நினைக்காதீங்க"ன்னு சொல்லி இறங்கிட்டாங்க. அப்பா அன்னைக்குச் சாயந்திரம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துட்டார். "நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற, இதுக்கு என்னதான் பண்றது?"ன்னு கேட்டார். ரெண்டாம் வருஷம் படிச்சிட்டு இருந்தேன். கேரேஜ் பக்கமே போனதில்ல. ஆனா அந்த செமஸ்டர் தெர்மோடைனமிக்ஸ்ல சைக்ரோமெட்ரிக் சார்ட் இருந்துச்சு.

வாடைன்னா என்ன?

ஈரமான துணி, ஃபோம், தூசி, மனுஷத் தோல் துகள், சிந்தின டீ. இதெல்லாம் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் சாப்பாடு. அதுங்க சாப்பிட்டு வெளிய விடுற ஆவியாகுற கரிம வேதிப்பொருட்கள்தான் நம்ம மூக்குல படுறது. அதுல ஒண்ணு ஜியோஸ்மின். இந்தப் பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருந்தா, சரிதான். முதல் மழையில வர்ற மண்வாசனைக்குக் காரணமும் இதே ஜியோஸ்மின்தான். உத்தரப் பிரதேசத்துல கன்னோஜ்னு ஒரு ஊர்ல மண்வாசனையை அத்தராவே இறக்கி விக்கிறாங்க. மனுஷ மூக்கு இதை டிரில்லியன்ல சில பங்கு இருந்தாலே கண்டுபிடிச்சிடும். வாசல்ல வந்தா கவிதை, சீட்டுக்கு அடியில வந்தா மூணு ஸ்டார்.

இவ்வளவு கொஞ்சமா இருந்தாலே மூக்குக்குத் தெரியும்ங்கறதால, வாடையைத் துரத்துற வேலைல பாதி செஞ்சா பாதி பலன் கிடைக்காது. கிட்டத்தட்ட பூஜ்யம்தான் கிடைக்கும். பூஞ்சையோட விதைத்தூள் எல்லா இடத்துலயும் காத்துல இருக்கு, அதை ஒழிக்க முடியாது. சாப்பாட்டையும் முழுசா எடுக்க முடியாது. நம்ம கையில இருக்கிறது தண்ணி மட்டும்தான். நனைஞ்ச பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ள காய வச்சுட்டா பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காதுன்னு கட்டடங்களுக்குச் சொல்லுவாங்க. காரும் ஒரு சின்ன ரூம்தான். நாங்க அந்த 48 மணி நேரத்தை எப்பவோ தவற விட்டுட்டோம்.

நடுவுல அப்பா ஒரு கடையில வண்டியை விட்டார். "டீப் கிளீனிங்" 1,800 ரூபாய். ஷாம்பூ போட்டு, நுரை பொங்கப் பொங்க சீட்டையும் தரையையும் கழுவி, மேலாக உறிஞ்சி எடுத்துட்டு, எலுமிச்சை வாசனை அடிச்சுக் குடுத்தாங்க. மூணு நாள் நல்லா இருந்துச்சு. நாலாவது நாள் முன்னவிட மோசம். யோசிச்சா காரணம் புரியும்: ஈரத்தால வந்த பிரச்சனைக்கு இன்னும் பத்து லிட்டர் தண்ணியை ஊத்தி அனுப்பியிருக்காங்க.

வெயில்ல மூடி வச்சா காயாதா?

இதுதான் எல்லாரும் சொல்ற வைத்தியம். எங்க பெரியப்பா, பக்கத்து வீட்டு அங்கிள், ஸ்டாண்டுல இருக்கிற டிரைவர் அண்ணன் எல்லாரும். "நல்லா வெயில்ல கண்ணாடியை ஏத்தி விட்டு நிறுத்து, உள்ள அனல் பறக்கும், காஞ்சிரும்." கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம்.

ஒரு கன மீட்டர் காத்து 25 டிகிரில அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 30 டிகிரில 30 கிராம். 50 டிகிரில 83 கிராம். சின்ன காருக்குள்ள இருக்கிற காத்து சுமார் 3 கன மீட்டர்னு வச்சுப்போம். மத்தியானம் உள்ள 50 டிகிரி ஏறினாலும் அந்தக் காத்தால தூக்க முடிஞ்சது 250 கிராம். ஒரு டம்ளர் தண்ணி. தரைக்கு அடியில இருக்கிற ஃபோமோ மூணு லிட்டரைச் சாதாரணமா குடிச்சு வச்சிருக்கும். சரி, அந்த ஒரு டம்ளராவது வெளிய போகுதான்னு பாத்தா அதுவும் இல்ல. கண்ணாடி மூடியிருக்கு. ராத்திரி 26 டிகிரிக்கு இறங்கினா அந்தக் காத்தால 75 கிராம்கூடத் தாங்க முடியாது. மிச்சம் எல்லாம் கண்ணாடியிலயும் கூரைத் துணியிலயும் சீட்டுலயும் பனியாப் படியும். காலையில கண்ணாடியோட உள்பக்கம் பனி கட்டியிருந்தா, அது தரையில இருந்து கிளம்பின தண்ணிதான். நீங்க வண்டியைக் காய வைக்கல. தண்ணியைத் தரையில இருந்து கூரைக்கு ஷிஃப்ட் பண்ணிட்டு இருக்கீங்க. அதுவும் பூஞ்சைக்குப் பிடிச்ச இளஞ்சூட்டுல.

அப்ப என்ன வேணும்? வெயில் வேணும், கூடவே காத்து மாறணும். மூணு லிட்டர் தண்ணியை ஆவியாக்க ஏறக்குறைய 7 மெகா ஜூல் வேணும், அதாவது 2 யூனிட் கரண்ட். அந்தச் சக்தியை வெயில் சும்மாவே குடுத்துடும். வெளிக்காத்து 32 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம்னா அதுல ஏற்கனவே 20 கிராம் தண்ணி இருக்கு. அது உள்ள போய்ச் சூடாகி, 40 கிராமோட வெளிய வந்தா, கன மீட்டருக்கு 20 கிராம் லாபம். மூணு லிட்டருக்கு 150 கன மீட்டர் காத்து. நம்ம வண்டிக் கணக்குல ஐம்பது தடவை உள்காத்து முழுசா மாறணும். மூடின கண்ணாடியில அது எத்தனை நாள் ஆகுமோ. நாலு கதவையும் திறந்து ஒரு பெடஸ்டல் ஃபேன் வச்சா, கணக்குல நிமிஷங்கள்தான். நிஜத்துல அவ்வளவு வேகமாக் காயாது, ஏன்னா ஃபோமுக்குள்ள இருந்து தண்ணி மேல ஏறி வர்றதுக்கு நேரம் ஆகும். அந்த நேரத்தைக் குறைக்கணும்னா ஃபோமையே வெளிய எடுக்கணும்.

இங்கதான் அப்பா முகம் மாறுச்சு. சீட்டைக் கழட்டி, தரையைப் பிரிச்சுன்னா குறைஞ்சது நாலு நாள் வண்டி ஓடாது. நாலு நாள் ஓடலைன்னா அந்த மாச டியூ இடிக்கும். "ஓட்டிக்கிட்டே காய வைக்க முடியாதா?"ன்னார். மேட்டைத் தூக்கி, கார்பெட் மேல ஒரு நியூஸ்பேப்பரை விரிச்சு, அது மேல காலை வச்சு அழுத்தச் சொன்னேன். பேப்பர் நனைஞ்சு போச்சு. வெள்ளம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்துச்சு. அப்பா ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில ஆப்பை ஆஃப் பண்ணிட்டார்.

பிரிக்கிறது

நீங்களும் செய்யப் போறீங்கன்னா முதல்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க. சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக்கோ, சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற பிரீடென்ஷனரோ சம்பந்தப்பட்டது. பேட்டரி இருக்கும்போது அதைப் பிடுங்கி விளையாடக் கூடாது. அந்த மாதிரி வண்டின்னா இந்த வேலையைத் தெரிஞ்ச மெக்கானிக்கோட சேந்து செய்யுங்க. எங்களோடது பழசு, அந்தத் தொல்லை இல்ல. முன்சீட்டு ஒவ்வொண்ணுக்கும் நாலு போல்ட். ஒண்ணு துருப்பிடிச்சு வரவே இல்ல, அதுக்கு மட்டும் ஒரு மணி நேரம்.

கதவுப் படியில இருக்கிற பிளாஸ்டிக் பட்டியைக் கழட்டினா கார்பெட்டோட ஓரம் தெரியும். தூக்கினோம். மேல கார்பெட், கைக்குக் காஞ்ச மாதிரி இருக்கு. அதுக்குக் கீழ ரெண்டு விரல் தடிமன்ல பழைய துணியை அரைச்சு அமுக்கின மாதிரி ஒரு மெத்தை. அதுக்குக் கீழ இரும்புத் தரை. அந்த மெத்தையைப் பிழிஞ்சா காப்பிக் கலர்ல தண்ணி. வாசனையை நான் விவரிக்கப் போறதில்ல. அப்பா முதல் தடவையா மூக்கைப் பொத்திக்கிட்டு, "இதுலயா நான் ஆளுங்களை ஏத்திட்டு இருந்தேன்"னார்.

வெள்ளத் தண்ணி வெறும் மழைத் தண்ணி இல்ல, சாக்கடையும் கலந்தது. அதனால அந்த மெத்தையைக் காய வச்சு மறுபடி போடலாம்ங்கிற ஆசையை விட்டுட்டோம். மாஸ்க், கிளவுஸ் போட்டு, துண்டு துண்டா வெட்டி எடுத்துத் தூக்கிப் போட்டோம். அதே அளவுக்குப் புது ஃபெல்ட்டை ஜி.பி. ரோடுல வாங்கினோம். சாதா மழைத் தண்ணியோ ஏசி தண்ணியோ இறங்கியிருந்தா, மெத்தையை வெளிய எடுத்து, அலசி, மொட்டை மாடியில முழுசாக் காய வச்சுப் போடலாம். கார்பெட்டை மட்டும் சோப்புத் தண்ணியில தேய்ச்சு, அலசி, மாடிக் கைப்பிடிச் சுவர்ல தொங்கவிட்டோம். எங்க அம்மா வடாம் காயப் போட வச்சிருந்த இடம் அது. அதுக்கு வாங்கின திட்டையும் இங்க விவரிக்கல.

இரும்புத் தரையில ரெண்டு இடத்துல துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பிரைமர் அடிச்சோம். தரையில இருக்கிற ரப்பர் மூடிகள்ல ஒண்ணு இத்துப்போயிருந்துச்சு. வெள்ளத் தண்ணி அந்த வழியாவும் கதவு ஓரத்து வழியாவும் வந்திருக்கு. புது ரப்பர் முப்பது ரூபாய். சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்துப் பாருங்க, யாரும் பாக்க மாட்டாங்க, அதோட அடிப்பகுதியும் நாறும். இளஞ்சூட்டுத் தண்ணியும் கொஞ்சம் சோப்பும் போதும். கூரைத் துணியை மட்டும் நனைக்காதீங்க. பசை விட்டுத் தொங்கிடும். ஈரத்துணியால ஒத்தி எடுத்தா போதும்.

பூஞ்சை தெரிஞ்ச இடத்துல வெள்ளை வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடைச்சோம். வினிகர் வாசனை ரெண்டு நாள்ல போயிடும். ப்ளீச்சைக் கார் துணி மேல போடாதீங்க, கலர் போகும். வினிகரையும் ப்ளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீங்க. குளோரின் வாயு வரும், மூடின காருக்குள்ள அது விளையாட்டு இல்ல.

அப்புறம் நாலு கதவும் திறந்து, ரெண்டு ஃபேன். உள்லைட்டை ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா காய்ஞ்ச காரும் செத்த பேட்டரியும் கிடைக்கும். என் மினி புராஜெக்ட்ல மிச்சம் இருந்த ஒரு ஈரப்பத சென்சாரை உள்ள வச்சேன். விலை சில நூறு ரூபாய், ரெண்டு மூணு சதவீதம் முன்னப்பின்ன காட்டும், நமக்கு அது போதும். எப்படிப் பாக்கணும்னா, ராத்திரி கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, காலையில சூரியன் படுறதுக்கு முன்னாடி உள்ளயும் வெளியயும் அளக்கணும். உள்ள இருக்கிறது வெளிய விட ரொம்ப அதிகம்னா எங்கயோ இன்னும் தண்ணி ஒளிஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணா வந்தா காஞ்சிருச்சு. கையால தொட்டுப் பாத்து ஏமாந்தது போதும்னுதான் இந்த ஏற்பாடு. அஞ்சாம் நாள் ரெண்டும் ஒண்ணா வந்துச்சு.

ஏப்ரல்ல திரும்பி வந்தது

கதை இங்க முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ரெண்டு மாசம் வண்டி ஜம்முனு ஓடுச்சு. ஏப்ரல், மழையே இல்ல, கத்திரி வெயில் வர்றதுக்கு முன்னாடி, மறுபடி அதே வாடை. கொஞ்சம் புளிச்ச மாதிரி. ஏசி போட்ட முதல் ஒரு நிமிஷம் மட்டும் அதிகமா வரும், அப்புறம் அடங்கும். நான் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தேன். அப்பா என்கிட்ட சொல்லாமலே ஒரு லாவெண்டர் டப்பா வாங்கி வச்சிருந்தார். அதைப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிடுச்சு.

மழை இல்லாதப்ப காருக்குள்ள தண்ணி எப்படி வரும்? ஏசி தயாரிக்கும். டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயில் சில டிகிரி குளிர்ல இருக்கும். சென்னைக் காத்து அதுல பட்டா, ஐஸ் தண்ணி சொம்பு வேர்க்கிற மாதிரி அதுவும் வேர்க்கும். வெளிக்காத்து மோட்ல மணிக்கு 100 கன மீட்டர் காத்து போய், ஒவ்வொண்ணுலயும் 10 கிராம் தண்ணி இறங்கினா மணிக்கு ஒரு லிட்டர். அந்தத் தண்ணி ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியா வண்டிக்கு அடியில சொட்டணும். ஏசி போட்டு நிக்கிற காருக்கு அடியில சொட்டுறது கோளாறு இல்ல, சொட்டாததுதான் கோளாறு.

ஏசியை இருபது நிமிஷம் ஓடவிட்டு அடியில படுத்துப் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல. முன்னாடி இடதுபக்கம், டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்காரர் கால் வைக்கிற இடத்துல, புது ஃபெல்ட் நனைஞ்சிருந்துச்சு. குழாய்க்குள்ள தூசியும் சேறும் சேந்து அடைப்பு. அனேகமா வெள்ளத்துல ஏறின சேறா இருக்கணும். மெல்லிசான, வளையுற பிளாஸ்டிக் கம்பியைக் கீழ இருந்து மெதுவா விட்டு ஆட்டினதும், ஒரு சொம்பு அழுக்குத் தண்ணி நேரா என் கைமேல கொட்டுச்சு. பஞ்சர் கடை காத்தை முழு வேகத்துல உள்ள அடிக்காதீங்க, குழாய் உள்பக்கம் கழண்டுக்கும். அப்புறம் டேஷ்போர்டையே பிரிக்கணும்.

அதோட கேபின் ஃபில்டர். நிறைய வண்டில கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும், கழட்ட அஞ்சு நிமிஷம். எங்களோடது சாம்பல் கலர்ல, ஓரத்துல கரும்புள்ளியோட, ஒரு வேப்பிலைக் கொத்தைச் சுமந்துகிட்டு வந்துச்சு. அதைக் கழுவிப் போடாதீங்க, பேப்பர் ஃபில்டர் ஈரமானா அதுவே பூஞ்சைப் பண்ணை. புதுசு போடும்போது அதுல இருக்கிற அம்புக்குறி காத்து போற திசையில இருக்கணும். வேப்பிலை எங்க இருந்து வந்துச்சுன்னா, வைப்பருக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் தட்டுக்குள்ள இருந்து. மரத்தடியில நிறுத்துறவங்க அந்த இடத்தை மாசத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணுங்க. அங்க இலை அடைச்சா மழைத்தண்ணி ப்ளோவர் வழியாவே உள்ள வரும்.

அந்த முதல் நிமிஷ வாடைக்குக் காரணம் ஈரமான காயில். நாம வண்டியை நிறுத்தும்போது காயில் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும். இருட்டு, ஈரம், தூசி. ராத்திரி முழுக்க அதுல ஏதோ வளருது. இதுக்கு ஒரு ரூபாய் செலவில்லாத பழக்கம் இருக்கு. வீடு வர்றதுக்கு மூணு, நாலு நிமிஷம் முன்னாடி ஏசி பட்டனை மட்டும் ஆஃப் பண்ணிட்டு, ப்ளோவரை நல்லா ஓடவிடுங்க, வெளிக்காத்து மோட்ல. காயில் காஞ்சிடும். ஏற்கனவே வளந்திருந்தா, காயிலுக்கு அடிக்கிற நுரை கிளீனர் கடையில கிடைக்குது. குழாய் அடைப்பை எடுத்துட்டு அதைப் போடுங்க, முன்னாடி போட்டா நுரையும் உள்ளயேதான் நிக்கும்.

தண்ணி வேற வழியிலயும் வரும். பவர் விண்டோ ரிப்பேருக்கோ ஸ்பீக்கர் மாத்தவோ கதவுத் தட்டைக் கழட்டினவங்க, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் தாளைக் கிழிச்சு விட்டிருப்பாங்க. அது வெறும் கவர் இல்ல, கண்ணாடி வழியா இறங்குற தண்ணியை உள்ள வர விடாம தடுக்கிறதே அதுதான். கதவோட அடி விளிம்புல இருக்கிற ஓட்டைகள் அடைச்சாலும் இதே கதை. டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்க, பின்லைட் ரப்பர் போனா குளம் அங்கதான். எங்கன்னு தெரியலைன்னா ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும், இன்னொருத்தர் வெளிய ஹோஸ் பைப்பை மெதுவா கீழ இருந்து மேல கொண்டு போகணும். மேல இருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் நனையும், எது ஓட்டைன்னு தெரியாது. கால்பக்கம் இனிப்பா ஒரு வாசனை, பிசுபிசுப்பு, கண்ணாடியில எண்ணெய்ப் படலம்னா அது தண்ணி இல்ல, ஹீட்டர்ல இருந்து கூலன்ட் ஒழுகுது. அது விஷம், நேரா மெக்கானிக்கிட்ட போங்க.

டப்பாவுல போட்டு வைக்கிறது பத்தி

கல்லுப்பு வைங்கன்னு சொல்றாங்களே? உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாத்தான் தண்ணியை இழுக்கும். அதுக்குக் கீழ அது சும்மா உப்பு. கால்சியம் குளோரைடு அதைவிட ரொம்பக் கீழயே இழுக்கும், ஆனா இழுத்த தண்ணி டப்பாவுல உப்புக் கரைசலா நிக்கும். ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல அது கவிழ்ந்தா, துருவுக்கு நாமளே அழைப்பிதழ் வச்ச மாதிரி. ஓடுற வண்டிக்கு வேண்டாம். சிலிக்கா ஜெல் நல்லது, மறுபடி சூடாக்கிப் பயன்படுத்தலாம், ஆனா தன் எடையில மூணுல ஒரு பங்கு தண்ணியைத்தான் அது பிடிக்கும். மூணு லிட்டருக்கு ஒன்பது கிலோ! சமையல் சோடா, புளிச்ச பால் மாதிரி அமில வாடைக்கு உதவும். காய்ஞ்ச துணி மேல தூவி, ராத்திரி விட்டு, வாக்யூம் பண்ணணும். அடுப்புக்கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் ஒண்ணு இல்ல. ரெண்டாவதுல ஒரு கிராமுக்குள்ள பல நூறு சதுர மீட்டர் பரப்பு ஒளிஞ்சிருக்கு, அது வாடையைப் பிடிச்சு வைக்கும். இதெல்லாம் தண்ணி நின்ன அப்புறம் மிச்ச சொச்சத்துக்கு. சில கடைகள்ல ஓசோன் மெஷின் போடுறாங்க. ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரையும் வெடிக்க வைக்கும். ஈரத்தை அதனால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு அதுல விருப்பம் இல்ல.

மொத்தச் செலவு, ஃபெல்ட், ஃபில்டர், நுரை எல்லாம் சேத்து அந்த டீப் கிளீனிங் காசைவிடக் கொஞ்சம்தான் கூட. நாலு நாள் வருமானம் தனி.

இப்ப அப்பா வீட்டுக்கு முந்தின சிக்னல்லயே ஏசியை ஆஃப் பண்ணிடுவார். பாசஞ்சர் இருந்தா பண்ண மாட்டார். கண்ணாடியில இருந்த தொங்கட்டான் எல்லாம் போயாச்சு. முன்னாடியெல்லாம் என்கிட்ட "வருதா?"ன்னு கேப்பார், இப்ப வாரத்துக்கு ஒரு தடவை காலையில வண்டியைத் திறக்கிற அந்த முதல் நொடியில அவரே மோந்து பாத்துக்கறார், மூக்கு பழகுறதுக்கு முன்னாடி. ஸ்டாண்டுல விஷயம் பரவி, போன மாசம் ஒரு டிரைவர் அண்ணன் தன் வண்டியைக் கொண்டு வந்து, "பாப்பா, இதையும் கொஞ்சம் பாரும்மா"ன்னார். மேட்டைத் தூக்கினேன், காஞ்சிருக்கு. ஏசி குழாய் சரியாச் சொட்டுது. ஃபில்டரைக் கழட்ட கிளவ் பாக்ஸை இறக்கினேன்.

எலி. அதைப் பத்தி எடிட்டர் இடம் குடுத்தா அடுத்த இதழ்ல.